வீட்டுக்கொரு வெள்ளித்திரை: பழைய புரொஜெக்டர் வாங்குவோர்க்குச் சில குறிப்புகள்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

‘வீட்டிலேயே திரையரங்கு’ என்னும் விளம்பரத்தைக் காணாத கண்கள் இன்று இரா. கைப்பேசியைத் திறந்தால் போதும். கைக்கு அடக்கமான பெட்டி ஒன்று சுவர் முழுவதும் படம் காட்டுவதாகவும், விலை ஐயாயிரத்துக்கும் குறைவு என்றும் ஆசை காட்டுகின்றது. மற்றொரு புறம், அலுவலகங்களும் கல்லூரிகளும் பயன்படுத்திக் கழித்த பெரிய புரொஜெக்டர்கள், பழைய கணினிப் பொருள் விற்கும் கடைகளில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இவ்விரண்டில் எதை வாங்குவது? பழையதைத்தான் வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது? இவ்வினாக்களுக்கு விடை தேடும் வாய்ப்பு இவ்வாண்டு எங்களுக்குக் கிட்டியது. அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் ஐவர், எங்களுள் ஒருத்தியின் குடும்பத்துக்காக, அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் திருச்சியில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

தோழியின் வீட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அவள் தந்தை ஆட்டோ ஓட்டுபவர். தாயார் தையல் வேலை செய்து, ஏலச்சீட்டுக் கட்டிச் சேர்த்த பத்தாயிரம் ரூபாய்தான் கையிருப்பு. பாட்டிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்தது. ஊன்றுகோலின்றி நடக்க இயலாது. ‘கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்த்து எத்தனை நாளாயிற்று!’ என்று அவர் சொல்வதும், திரையரங்கின் படிகளை நினைத்து மற்றவர்கள் வாய்மூடி இருப்பதும் அவ்வீட்டில் வழக்கமாகிவிட்டன. வீட்டிலுள்ள தொலைக்காட்சியோ சிறியது. பாட்டியின் கண்ணுக்கு அதில் முகங்கள் தெளிவாகத் தெரிவதில்லை. வாங்கிய பொருள் ஒரே மாதத்தில் கெட்டுப்போனால் அத்தொகையை மறுபடி சேர்க்க இரண்டு ஆண்டுகள் ஆகும். ஆகவே, ‘பார்த்துச் செய்யுங்கள், பிள்ளைகளா’ என்று அந்த அம்மா எங்களிடம் சொன்னபோது, தேர்வுத்தாளைக் கையில் வாங்கும் வேளையைக் காட்டிலும் நெஞ்சு படபடத்தது.

இதைப் படிக்கும் பெற்றோர் சிலர், ‘அத்தொகைக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியே வாங்கலாமே’ என்று எண்ணக்கூடும். அது நியாயமான கேள்வியே. பட்டப்பகலில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தியும் தொடரும் பார்க்க விரும்புவோர்க்குப் புரொஜெக்டர் பயன்படாது. அவர்கள் தொலைக்காட்சி வாங்குவதே நல்லது. வாரம் ஓரிரு முறை, விளக்கணைத்து, குடும்பத்தோடு அமர்ந்து முழுநீளப் படம் பார்க்க விரும்புவோர்க்காகவே இக்கட்டுரை.

பழைய புரொஜெக்டர் வாங்குவது நம் ஊருக்குப் புதிதன்று. 1905-ஆம் ஆண்டில் து பான் என்னும் பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிக்கொண்டு வந்தபோது திருச்சியில் நோயுற்றார். மேற்கொண்டு பயணம் செய்ய இயலாத நிலையில் தம் கருவியையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். அவற்றை வாங்கியவர், அப்போது திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் பணியாற்றிவந்த கோயம்புத்தூர் இளைஞர் சாமிக்கண்ணு வின்சென்ட். அச்சுருள்களுள் இயேசு கிறிஸ்துவின் வாழ்க்கையைக் காட்டும் ஊமைப் படமும் ஒன்று. ரயில்வே வேலையை விட்டுவிட்டு, கூடாரமடித்துப் பல ஊர்களிலும் படம் காட்டினார். 1914-இல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான திரையரங்கையும் அமைத்தார். பின்னாளில் ‘டிலைட்’ என்று அழைக்கப்பட்ட அரங்கு அதுவே. தமிழ்நாட்டுத் திரைப்பட வரலாற்றின் தொடக்கத்தில், ஒருவர் கழித்த கருவியை மற்றொருவர் விலைக்கு வாங்கிய செய்தி இருக்கின்றது என்பதை அறிந்து நாங்கள் வியந்தோம். (அவர் வாங்குமுன் எதையெல்லாம் சோதித்துப் பார்த்தாரோ!)

பாடநூலில் உள்ளதே பெட்டிக்குள்ளும்

பாடநூல் ‘படவீழ்த்தி’ என்று சொல்லும் இக்கருவியின் அடிப்படை, நாம் ஒளியியல் பாடத்தில் படித்த குவிலென்ஸ்தான். பொருளைக் குவியத்துக்கும் அதன் இருமடங்குத் தொலைவுக்கும் இடையே வைத்தால், மறுபுறம் பெரிதாக்கப்பட்ட, தலைகீழான மெய்பிம்பம் கிடைக்கும் என்று படித்தோமன்றோ? அதே விதிப்படி, முக்கால் அங்குலம்கூட இல்லாத சிறு தகட்டில் உருவாகும் படம், 80 அங்குலத் திரையில் நூறு மடங்குக்கும் மேலாகப் பெருகி விழுகின்றது. பிம்பம் தலைகீழாகும் ஆதலால், உள்ளே படத்தைத் தலைகீழாகவே அமைத்துவிடுகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. படத்தின் அகலம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். அதே ஒளி நான்கு மடங்குப் பரப்பில் பரவுவதால் வெளிச்சம் நாலில் ஒன்றாகக் குறையும். ‘200 அங்குலப் படம்’ என்னும் விளம்பரம் பொய்யில்லை, விழத்தான் செய்யும். ஆனால் அதில் யார் எவர் என்று தெரியாது. புரொஜெக்டர் வாங்குபவர் காசு கொடுத்து வாங்குவது படத்தின் அளவையன்று, ஒளியை. பழைய புரொஜெக்டர் வாங்குபவர் வாங்குவது அதில் இன்னும் மீந்திருக்கும் ஒளியை. எங்கள் விடுமுறை முழுவதும் நாங்கள் கற்றது பெரும்பாலும் இதுதான் என்று சொல்லலாம்.

எவ்வளவு ஒளி வேண்டும்?

ஒளியை லூமென் என்னும் அலகால் அளக்கின்றனர். ஆனால் லூமென் என்று பெட்டிமேல் அச்சிட்டிருப்பதெல்லாம் லூமென் ஆகாது. ‘ஆன்சி லூமென்’ என்பது அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தின் முறைப்படி அளந்தது. வெள்ளைத் திரையை ஒன்பது சம கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்துப் பரப்பால் பெருக்க வேண்டும். அண்மைக்காலத்துக் கருவிகளில் ‘ஐ.எஸ்.ஓ. லூமென்’ என்று காணலாம், அதுவும் நம்பத்தக்கதே. வெறுமனே ‘9,000 லூமென்’ என்று போட்டு விற்கும் மலிவான சிறு பெட்டிகள் பலவற்றில், திரைக்கு வந்து சேர்வது 100 முதல் 200 ஆன்சி லூமென் வரைதான்.

சரி, ஒரு வீட்டுக்கு எவ்வளவு போதும்? 80 அங்குலத் திரை (மூலைக்கு மூலை) ஏறத்தாழ 177 செ.மீ. அகலமும் 100 செ.மீ. உயரமும் உடையது, பரப்பு 1.77 சதுர மீட்டர். இன்றைய டிஜிட்டல் திரையரங்குகளில் திரையின் பொலிவுக்கு வைத்திருக்கும் அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. பரப்பு, பொலிவு, பை (3.14) ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 270 லூமென் வருகின்றது. நம் வீட்டுச் சுவர் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் திருப்பித் தராது என்பதால் 350 என்றே வைத்துக்கொள்வோம். முற்றிலும் இருண்ட அறையில் 80 அங்குலப் படத்துக்கு 350 லூமென் இருந்தால், திரையரங்கில் பார்ப்பதுபோன்ற பொலிவு கிடைக்கும்.

இனி, 2,700 ஆன்சி லூமென் என்று குறிக்கப்பட்ட அலுவலகப் புரொஜெக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விளக்குப் பழையதாகி மூன்றில் இரண்டு பங்கு ஒளியே தருகிறது எனில் 1,800. சிக்கன நிலையில் ஓட்டினால் இன்னும் முப்பது விழுக்காடு குறைந்து 1,260. அதன் தகடு நாலுக்கு மூன்று வடிவம். அகலத்திரைப் படம் அதில் முக்கால் பங்கையே நிரப்பும் ஆதலால் 945. நிறங்கள் இயல்பாகத் தெரிய ‘சினிமா’ என்னும் நிலைக்கு மாற்றினால் மேலும் மூன்றிலொரு பங்கு போய் 630. இவ்வளவு கழித்த பிறகும் நமக்கு வேண்டியதுபோல் ஏறத்தாழ இருமடங்கு மிஞ்சுகின்றது! இது உத்தேசக் கணக்கே. கருவிக்குக் கருவி மாறும். ஆனாலும் நல்ல நிறுவனத்தின் பழைய கருவி, பெயரறியாத புதிய சிறு பெட்டியைவிட ஏன் மேல் என்பது இதனால் விளங்கும்.

புள்ளிகளின் எண்ணிக்கை

படம் புள்ளிகளால் ஆனது. கழித்துக் கட்டப்படும் அலுவலகக் கருவிகளுள் பெரும்பாலானவை ‘எக்ஸ்.ஜி.ஏ.’ வகை, 1,024 × 768 புள்ளிகள். அகலத்திரைப் படத்தில் இவற்றுள் 1,024 × 576, அதாவது ஆறு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான புள்ளிகளே பயன்படும். ‘டபிள்யூ.எக்ஸ்.ஜி.ஏ.’ எனில் 1,280 × 800. ‘முழு எச்.டி.’ எனில் 1,920 × 1,080, இருபது லட்சத்துக்கும் மேல். விற்பவர்கள் ‘1080 சப்போர்ட்’ என்று சொன்னால் மயங்கிவிடலாகாது. அத்தகைய படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பதே அதன் பொருள். வெளியே அத்தனை புள்ளிகளைக் காட்டும் என்பதன்று. ‘நேட்டிவ் ரெசல்யூஷன் என்ன?’ என்று அழுத்திக் கேட்க வேண்டும்.

இதில் எங்களுக்குள்ளேயே வாதம் மூண்டது. எங்களுள் ஒருத்தி முழு எச்.டி.க்குக் குறைந்த எதையும் வாங்கக் கூடாது என்றாள். அவள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. எக்ஸ்.ஜி.ஏ. கருவியில் 177 செ.மீ. அகலத்துக்கு ஒரு புள்ளி ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் இருக்கும். பத்தடித் தொலைவிலிருந்து உற்றுப் பார்த்தால் எழுத்துகளின் ஓரத்தில் பிசிறு தெரியும். ஆனால் நாங்கள் கேட்ட பழைய முழு எச்.டி. கருவிகளின் விலை பதினெட்டாயிரத்தில் தொடங்கியது. பத்தாயிரத்துக்குள் புள்ளியா, ஒளியா என்று வந்தால் ஒளியே என்று நால்வர் முடிவு கட்டினோம். கையில் இருபதாயிரம் உள்ளவர்கள் அவள் கட்சியில் சேரலாம்.

விளக்கின் வயது

பழைய புரொஜெக்டரின் உயிர் அதன் விளக்கு. இது சாதாரணக் குண்டுபல்பு அன்று. மிகுந்த அழுத்தத்தில் பாதரச ஆவி அடைத்த விளக்கு. இத்தனை மணி நேரம் என்று நிறுவனம் ஆயுள் குறித்திருக்கும். பெரும்பாலும் 2,000 முதல் 5,000 மணி வரை. அந்த ஆயுள் முடிவில் விளக்கு அணைந்துவிடும் என்று பொருளன்று. ஒளி பாதியாகக் குறைந்திருக்கும் என்பதே கணக்கு. அதற்குப் பின்னும் ஓட்டினால் விளக்கு வெடிக்கும் ஆபத்து உண்டு.

எத்தனை மணி ஓடியிருக்கிறது என்பதைக் கருவியின் பட்டியலில் ‘லேம்ப் ஹவர்ஸ்’ என்னும் இடத்தில் பார்க்கலாம். ஆனால் புது விளக்கு மாட்டும்போது அவ்வெண்ணைச் சுழியாக்குவதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். விளக்கை மாற்றாமலே எண்ணை மட்டும் மாற்றவும் அவ்வழி உதவும்! ஒரு கடையில் எங்களுக்குக் காட்டிய கருவி 38 மணி நேரமே ஓடியதாகச் சொன்னது. ஆனால் அதன் காற்று வடிகட்டியைத் திறந்தால் தூசு கம்பளம்போல் படிந்திருந்தது. காற்று வெளிவரும் பக்கத்துப் பிளாஸ்டிக் பழுத்து மஞ்சளாகியிருந்தது. ‘புது விளக்கு வாங்கிய பில் உண்டா, அண்ணா?’ என்று கேட்டோம். இல்லை என்றார். அவர் உண்மையே சொல்லியிருக்கலாம். எங்களிடம் அதை அறிய வழியில்லை. வணக்கம் சொல்லி வந்துவிட்டோம்.

விலை பேசுமுன் மற்றொன்று செய்ய வேண்டும். கருவியின் அடியிலுள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய விளக்கு இன்றும் கிடைக்கிறதா, என்ன விலை என்று விசாரிக்க வேண்டும். நாங்கள் சென்னை ரிச்சி தெருக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசினோம். ஆறாயிரத்துக்குக் கிடைத்த ஒரு கருவிக்கு விளக்கு மட்டும் ஏழாயிரத்தைந்நூறு என்றார்கள். கருவியின் விலை என்பது எப்போதும் கருவியும் அடுத்த விளக்கும் சேர்ந்த விலையே.

ஆயினும் அஞ்ச வேண்டியதில்லை. அலுவலகத்தில் நாள்தோறும் ஆறு மணி நேரம் எரிந்த விளக்கு, வீட்டில் வாரத்துக்கு இரண்டு படம், அதாவது ஐந்து மணி நேரமே எரியும். ஆண்டுக்கு 260 மணி. விளக்கில் 1,500 மணி மீதியிருந்தால்கூடக் கணக்குப்படி ஐந்தாண்டுகளுக்கு மேல் வரும். பிறர் கழித்தது நமக்கு நிறைவாகப் போதும் என்பது இதனால்தான்.

எல்.இ.டி. கருவிகளில் விளக்கு 20,000 மணிக்கு மேல் உழைக்கும் என்கின்றனர். நல்ல நிறுவனத்தினுடையது பழையதாகக் கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் எங்கள் தேடலில் அது பத்தாயிரத்துக்குள் அகப்படவில்லை.

இரு வகைகளும் அவற்றின் நோய்களும்

கடைகளில் காண்பவை பெரும்பாலும் இரண்டு வகை. எல்.சி.டி. வகையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தகடுகள் மூன்று உண்டு. மூன்று படங்களும் ஒன்றாகச் சேர்ந்து திரையில் விழும். டி.எல்.பி. வகையில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு கண்ணாடிகள், புள்ளிக்கு ஒன்றாக, நொடிக்குப் பல்லாயிரம் முறை சாய்ந்து நிமிர்கின்றன. எக்ஸ்.ஜி.ஏ. கருவி எனில் 7,86,432 கண்ணாடிகள்! அவற்றின் முன்னே நிறச்சக்கரம் ஒன்று சுழல்கின்றது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் என்பவர் 1987-இல் இக்கண்ணாடித் தகட்டைக் கண்டுபிடித்தார். உள்ளங்கையில் வைத்தால் ஒரு தபால்தலை அளவுகூட இல்லாத பரப்பில், எட்டு லட்சத்தை நெருங்கும் ஊஞ்சல்கள் ஆடுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

வயதானால் இரண்டுக்கும் நோய் வரும். எல்.சி.டி. கருவி வெப்பத்தால் வாடும். வெள்ளைத் திரையில் மஞ்சளாகவோ நீலமாகவோ திட்டுகள் தோன்றும். தூசி புகுந்தால் மங்கிய வட்டங்கள் தெரியும். டி.எல்.பி. கருவியில் கண்ணாடிகள் சில அசையாமல் நின்றுவிடும். கறுப்புத் திரையில் அவை வெண்புள்ளிகளாக மின்னும். இன்று இரண்டு இருந்தால் நாளை இருபதாகும். அதை வாங்கவே கூடாது. நிறச்சக்கரத்தின் தாங்கி தேய்ந்தால் கீச்சென்ற ஒலி எழும். மேலும், சிலருடைய கண்களுக்கு மட்டும் டி.எல்.பி. படத்தில் வானவில் கீற்றுகள் பளிச்சிடும். எங்கள் ஐவருள் ஒருத்திக்கு அவை தெரிந்தன, நால்வருக்குத் தெரியவில்லை. ஆகவே வீட்டார் எல்லாரும் ஒரு முறை பார்த்த பின்னரே அவ்வகையை வாங்க வேண்டும். அலுவலகத்துக்கென்று செய்த டி.எல்.பி. கருவிகள் வெள்ளைத் தாளைப் பளிச்சென்று காட்டும். அதே கருவியில் வண்ணப்படம் சற்று மங்கலாக இருக்கும். பாட்டியின் கண்ணை முன்னிட்டு நாங்கள் எல்.சி.டி. பக்கம் சாய்ந்தோம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடைக்குப் போகும்போது ஆறு படங்களைக் கொண்ட ஒரு பென் டிரைவும், ஒரு மடிக்கணினியும், மூன்று மீட்டர் எச்.டி.எம்.ஐ. வடமும், ஓர் அளவு நாடாவும் எடுத்துச் சென்றோம். மடிக்கணினி எங்கள் அறிவியல் ஆசிரியை உதவியது. ஆறு படங்கள் எவையெனில், முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம், கடைசியாக ஒரு பக்கம் நிறையச் சிற்றெழுத்துகள். மேலே சொன்ன நோய்களை வெள்ளையும் கறுப்பும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மூன்று வண்ணங்களில் ஏதேனும் ஒன்று ஒரு பக்கம் மங்கியிருந்தால் அந்த நிறத் தகடு நலிந்துவிட்டது என்று அறியலாம். சிற்றெழுத்துப் படத்தில் நடுவையும் நான்கு மூலைகளையும் பார்க்க வேண்டும். நடுவில் தெளிவாகி மூலையில் குழம்பினால் லென்ஸில் குறை.

பிறகு ஒரு முழு மணி நேரம் ஓடவிட வேண்டும். கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்; பொறுத்துக்கொள்ளுங்கள். வெப்பமேறினால் தானே அணைந்துவிடும் கருவிகள் முதல் பத்து நிமிடத்தில் நல்லபிள்ளையாகத்தான் இருக்கும். ஒரு கடையில் நாற்பதாவது நிமிடத்தில் படம் அணைந்து, எச்சரிக்கை விளக்குச் சிவந்தது. அதே கடையின் மற்றொரு கருவி ஒரு மணி நேரமும் ஓடியது. இருக்கும் நேரத்தில், ஆன்சி முறையைப் பின்பற்றிச் சுவரை ஒன்பதாகப் பிரித்து, கைப்பேசியிலுள்ள ஒளிமானியால் அளந்தோம். கைப்பேசி தரும் எண் துல்லியமானதன்று. ஆனால் ஒரே கைப்பேசியால், ஒரே அளவுப் படத்தை அளந்தால், இரு கருவிகளுள் எது பிரகாசம் என்று ஒப்பிடலாம். ஒரே மாதிரியான இரண்டு கருவிகளில் ஒன்று மற்றதைப்போல் இருமடங்குக்கு மேல் ஒளி தந்தது. விலையோ இரண்டுக்கும் ஒன்றே!

இணைப்புகளையும் பார்க்க வேண்டும். மிகப் பழைய கருவிகளில் நீல நிற வி.ஜி.ஏ. இணைப்பு மட்டுமே இருக்கும். அதில் ஒலி வராது. அன்றியும், இணையவழிப் படங்களைக் காட்டும் குச்சிக்கருவிகள் ‘எச்.டி.சி.பி.’ என்னும் நகல் தடுப்பு முறையை எதிர்பார்க்கும். அம்முறை இல்லாத கருவியில் படத்துக்குப் பதில் கறுப்புத் திரையோ எச்சரிக்கையோதான் தெரியும். எச்.டி.எம்.ஐ. இணைப்பு உள்ளதையே வாங்குவது நலம். வீட்டில் எதைக்கொண்டு படம் பார்ப்பீர்களோ அதையே கடைக்கும் எடுத்துச் சென்று ஓட்டிப் பாருங்கள். மாடல் எண்ணும் வரிசை எண்ணும் எழுதிய பில் கேளுங்கள். பணத்துடன் முன்பின் அறியாதவர் வீட்டுக்குப் போய் வாங்குவதானால் பகலில், பெரியவர்கள் துணையுடன் செல்ல வேண்டும் என்பதை மாணவியர்க்குச் சொல்லத் தேவையில்லை.

அறையும் திரையும்

கடைக்குப் போகுமுன்பே அறையை அளந்திருக்க வேண்டும். ‘த்ரோ ரேஷியோ’ என்று ஓர் எண் கருவியின் குறிப்பில் இருக்கும். லென்ஸிலிருந்து திரைக்குள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது அது. எண் 1.5 எனில், 177 செ.மீ. அகலப் படத்துக்கு 2.65 மீட்டர், அதாவது எட்டே முக்கால் அடி தூரம் வேண்டும். தோழியின் கூடம் பன்னிரண்டடி நீளமுள்ளதாதலால் தப்பித்தோம். கருவியைச் சாய்த்து வைத்தால் படம் மேலே விரிந்து கீழே குறுகும். அதைச் சரிசெய்யும் ‘கீஸ்டோன்’ பொத்தான் உண்டு. ஆனால் அது புள்ளிகளைத் தின்றுவிடும். முக்காலியின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துக் கருவியை மட்டமாக வைப்பதே சிறந்தது.

திரைக்கென்று காசு செலவிட வேண்டா. பளபளப்பில்லாத வெள்ளைச் சுவரே போதும். வேட்டியோ படுக்கை விரிப்போ கட்டினால் சுருக்கம் தெரியும். ஒளியில் ஒரு பகுதி துணியை ஊடுருவிப் பின்னால் போய்விடும். சுவரில் படத்தைச் சுற்றி நாலங்குல அகலத்துக்குக் கறுப்புத் துணி ஒட்டினோம். படம் உடனே எடுப்பாகத் தெரிந்தது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிது இருட்டே. புரொஜெக்டரால் கறுப்பை வீசி எறிய முடியாது! படத்தில் கறுப்பு என்று நாம் காண்பது, ஒளி விழாத வெறுஞ்சுவர்தான். குழல்விளக்கின் வெளிச்சத்தில் அச்சுவர் சாம்பல் நிறமாக இருந்தால் படத்தின் இரவும் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். எத்தனை ஆயிரம் லூமெனாலும் அதை மாற்ற இயலாது. ஆகவே சன்னலுக்குக் கெட்டித் திரைச்சீலை தைப்பது, அடுத்த விலையுயர்ந்த கருவிக்குத் தாவுவதைவிட மேல். தோழியின் தாயார் தையற்காரராதலால் இவ்வேலை ஒரு மாலையில் முடிந்தது.

இவற்றுடன், கவனிக்க வேண்டிய சில. அணைக்கும்போது உள்ளே விசிறி சுற்றி ஓயும்வரை மின்னிணைப்பை எடுக்கலாகாது. படம் ஓடும்போது மின்சாரம் நின்றால் விளக்கு வெந்துபோகும்; மின்தடை மிகுந்த இடங்களில் சிறிய யு.பி.எஸ். அவசியம். வடிகட்டியை மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். சிறு குழந்தைகள் லென்ஸுக்குள் உற்று நோக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கு வெடித்தால் மின்னிணைப்பைத் துண்டித்து, சன்னல்களைத் திறந்து, எல்லாரும் சிறிது நேரம் வெளியே இருக்க வேண்டும்; பாதரசம் உள்ள பொருளாதலால் கழித்த விளக்கைக் குப்பையில் எறியாமல் மின்கழிவு வாங்குவோரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அக்கம்பக்கத்தாரிடம் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டுவது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம் என்பதையும், எங்கள் தோழியின் தம்பி டிக்கெட் அச்சடிக்கத் தொடங்கியதால், இங்கே குறிப்பிடுகிறோம்.

முடிவில் வாங்கியது, ஒரு மணி நேரம் அணையாமல் ஓடிய அந்தக் கருவியைத்தான். எல்.சி.டி. வகை, எக்ஸ்.ஜி.ஏ., 2,700 லூமென், எச்.டி.எம்.ஐ. உண்டு. விளக்கு 1,900 மணி ஓடியதாகக் காட்டியது. வடிகட்டியின் தூசும் அதற்கு ஏற்றபடியே இருந்தது. எட்டாயிரத்தைந்நூறு சொன்னார்கள், அந்த அம்மா பேசி ஏழாயிரத்துக்கு முடித்தார். பழைய ஒலிபெருக்கி இரண்டு ஆயிரத்து இருநூறு, திரைச்சீலைத் துணியும் கறுப்புத் துணியும் எண்ணூறு. மீந்த ஆயிரம் ரூபாய் ‘அடுத்த விளக்கு’ என்று எழுதிய ஓர் உண்டியலில் இருக்கிறது. படம் பார்க்கும் நாளெல்லாம் அதில் இருபது ரூபாய் போட வேண்டும் என்பது பாட்டி வகுத்த சட்டம். அவருடைய கட்டில் கருவிக்குப் பின்னால், சூடான காற்று வீசாத பக்கமாகப் போடப்பட்டிருக்கிறது. ஓரங்களில் பிசிறு தெரிகிறதா என்று கேட்டோம். ‘முகம் தெரியுதம்மா’ என்றார்.

சோதனைப் படங்கள் ஆறும் எங்கள் அறிவியல் ஆய்வகத்தில் ஒரு பென் டிரைவில் உள்ளன. பழைய புரொஜெக்டர் வாங்க எண்ணும் பெற்றோர், தம் மகள் வழியாக மதிய உணவு இடைவேளையில் அதைப் பெற்றுச் சென்று, பயன்படுத்தியபின் திருப்பித் தரலாம். அளவு நாடாவும் வேண்டுமாயின் தருவோம்.